சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து முதல் பயணம்: போனுக்குள் போய்விட்ட இமிகிரேஷன் படிவங்களைச் சமாளிப்பது எப்படி?

விமானம் இறங்கப் போகும் நேரத்தில் ஒரு சின்ன அட்டை தருவார்கள், பக்கத்து சீட்காரரிடம் பேனா வாங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். அது பழைய கதை. மலேசியா 2024 ஜனவரி 1 முதலும், தாய்லாந்து 2025 மே 1 முதலும் அந்த வருகை அட்டையை இணையத்துக்கு மாற்றிவிட்டன. சிங்கப்பூர் அதற்கும் முன்பே மாற்றிவிட்டது. இனிமேல் வெளிநாட்டுச் சுற்றுலா இப்படித்தான்: நாம் கவுன்டரில் போய் நிற்பதற்கு முன்பே நம்மைப் பற்றிய விவரம் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

வயதான பெற்றோர், குழந்தை என்று குடும்பமாகப் போய் வந்ததில் எனக்கு வந்த அலைச்சல் பெரும்பாலும் இந்தப் படிவங்களில்தான். எந்தத் தளம் உண்மையானது, எந்தத் தேதியில் நிரப்புவது, எந்தப் பெட்டியில் எந்தப் பெயரைப் போடுவது என்று ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. டிராவல்ஸில் கேட்டால், "நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று ஒரு தொகை சொல்கிறார்கள். ஒரு பைசா செலவில்லாமல் நீங்களே செய்துகொள்ளலாம். எதை முதலில், எதை அப்புறம் என்ற வரிசை மட்டும் தெரிந்தால் போதும்.

1. டிக்கெட்டுக்கு முன்னால் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்

காலாவதித் தேதியைப் பாருங்கள். நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். ஐந்து மாதம், இருபது நாள் என்றால் விமான நிறுவனமே ஏற்றாமல் விட்டுவிடலாம். குழந்தைகளின் பாஸ்போர்ட்டில் இந்தச் சிக்கல் அதிகம், ஏனென்றால் அது பத்து ஆண்டுக்குத் தருவதில்லை. பொதுவாக ஐந்து ஆண்டுதான். பெரியவர்களுடையதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று இருந்துவிடுவோம்.

புதுப்பிக்க வேண்டுமானால் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் அதன் மேல் இன்னொரு 2,000. சிறார்களுக்கு 1,000. சென்னை மண்டல அலுவலகம் 2025 மார்ச் முதல் சிப் வைத்த இ-பாஸ்போர்ட் தருகிறது; முன் அட்டையின் கீழே பொன்னிறத்தில் ஒரு சின்னம் இருக்கும். பழைய பாஸ்போர்ட் கையில் இருப்பவர்கள் இதற்காக அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. காலாவதியாகும் வரை அது செல்லும்.

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுப்பதாக இருந்தால், பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும். ஆதாரை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வராதீர்கள்.

பெற்றோரின் பாஸ்போர்ட்டில் 'ஈசிஆர்' குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு அது வந்திருக்கும். குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான சோதனை அது. அந்தப் பட்டியலில் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா உண்டு, சிங்கப்பூர் இல்லை. சுற்றுலாவுக்குப் போகிறவர்களை அது தடுக்காது. ஆனால் திரும்பி வரும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும், இங்கே இமிகிரேஷனில் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள். அம்மா, அப்பா தனியாகப் போவதாக இருந்தால் திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு இரண்டையும் பிரிண்ட் எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். 50 வயது கடந்தவர்கள் அடுத்த முறை புதுப்பிக்கும்போது அந்தக் குறிப்பை நீக்கச் சொல்லிக் கேட்கலாம்.

2. பெயர்: நம்மூர்க்காரர்களுக்கு மட்டும் வரும் தலைவலி

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மற்ற மாநிலத்தவர் எழுதும் பயணக் குறிப்புகளில் இது இருக்காது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். அதனால் ஒரே வீட்டில் மூன்று விதமாக வந்துவிடுகிறது. அப்பாவுக்குக் 'கிவன் நேம்' மட்டும் இருக்கும், 'சர்நேம்' காலி. பிள்ளைக்கு அப்பாவின் பெயர் சர்நேமாக இருக்கும். இன்னொருவருக்கு இரண்டு பெயரும் சேர்ந்து கிவன் நேமிலேயே கிடக்கும். மூன்றும் செல்லும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் போட வேண்டும், அவ்வளவுதான். ஆதாரிலும் பான் கார்டிலும் உள்ள பெயரை இங்கே மறந்துவிடுங்கள்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், விமான டிக்கெட் தளங்கள் சர்நேம் பெட்டியைக் காலியாக விட அனுமதிப்பதில்லை. ஒரு நிறுவனம் அதே பெயரை இரண்டு பெட்டியிலும் போடச் சொல்லும். இன்னொன்று முதல் பெயருக்குப் பதிலாக 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்லும். அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு என்ன விதி என்று பார்த்துவிட்டு அதையே செய்யுங்கள். வேறு தளம் வழியாக டிக்கெட் எடுப்பதைவிட நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் எடுப்பது இவர்களுக்கு நல்லது. பெயரில் திருத்தம் என்றால் நேராகப் பேசலாம். இடையில் ஒருவர் இருந்தால் அவர் இவரைக் கையைக் காட்டுவார், இவர் அவரைக் கையைக் காட்டுவார்.

சிங்கப்பூர், மலேசியா வருகை அட்டைகளில் முழுப் பெயருக்கு ஒரே பெட்டிதான், அதனால் கவலை இல்லை. தாய்லாந்து அட்டையில் குடும்பப் பெயர், முதல் பெயர் என்று பிரித்துக் கேட்பார்கள். குடும்பப் பெயர் இல்லாதவர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள குறிப்பைப் படித்துவிட்டு நிரப்புங்கள். சும்மா காலியாக இருக்கிறதே என்று அப்பா பெயரை எழுதிவிடாதீர்கள், பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர் எங்கேயும் வரக்கூடாது.

3. விசா யாருக்கு வேண்டும், என்ன செலவு?

*மலேசியா:* இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். விசா இல்லை என்பதால் கேள்வியும் இல்லை என்று அர்த்தமில்லை. திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், செலவுக்குப் பணம் மூன்றையும் காட்டச் சொல்லலாம். ஹோட்டலில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இணையத்தில் முழுத் தொகையும் கட்டியிருந்தாலும் இதைப் பெரும்பாலும் வரவேற்பில் தனியாகக் கேட்பார்கள். ஏமாற்றுகிறார்களோ என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

*தாய்லாந்து:* 2024 ஜூலையில் விசா விலக்கு தந்தார்கள். ஆனால் விசா வேண்டுமா, எத்தனை நாள் தங்கலாம் என்ற விதி மாறிக்கொண்டே வருகிறது. டிக்கெட் எடுக்கும் அன்று தாய்லாந்துத் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

*சிங்கப்பூர்:* விசா கட்டாயம். கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), நம் பணத்தில் சுமார் 2,000 ரூபாய். நிராகரித்தாலும் திரும்பாது. இந்தியாவில் இருந்துகொண்டு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்க முடியாது; அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாகத்தான். அந்த ஏஜென்ட்டுகளின் பட்டியல் சிங்கப்பூர்த் தூதரகத் தளத்தில் இருக்கிறது. ஏஜென்ட்டிடம், "அரசுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு?" என்று பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்லாதவரிடம் கொடுக்காதீர்கள். சிங்கப்பூரில் 21 வயது நிரம்பிய குடிமகனோ நிரந்தரவாசியோ உறவில் இருந்தால் அவர் சிங்பாஸ் என்ற தன் அரசு இணையக் கணக்கு வழியாக உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். அப்போது ஏஜென்ட் கூலி மிச்சம்.

கேட்கும் தாள்கள்: 14ஏ என்ற விசா விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட் விவரப் பக்கம், விமான டிக்கெட், ஹோட்டல் பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, புகைப்படம். புகைப்படத்தில்தான் அதிகம் திரும்பி வரும். வெள்ளைப் பின்னணி, 35க்கு 45 மில்லிமீட்டர், கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்தது. ஸ்டுடியோவில், "சிங்கப்பூர் விசாவுக்கு" என்று சொல்லுங்கள். முகத்தை வெளுப்பாக்கித் தருகிறேன் என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பிப்பது வழக்கம். மூன்று வேலை நாளில் முடிவு வரலாம், சிலருக்கு நீளும். அதனால் மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். இ-விசா வந்ததும் ஒரு தடவை நுழையவா, பல தடவை நுழையவா என்று பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து மலேசியா போய், திரும்ப சிங்கப்பூர் வந்து விமானம் ஏறுகிறவர்களுக்கு இது முக்கியம்.

விமானம், ஹோட்டல் எல்லாம் சேர்த்து டூர் பேக்கேஜாக வாங்கினால் 'டிசிஎஸ்' என்று ஒரு வரிப் பிடித்தம் பில்லில் வரும். அது போன பணம் அல்ல. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திரும்பப் பெறலாம். யாருடைய பான் எண்ணைக் கொடுக்கிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

4. வருகை அட்டை: இறங்குவதற்கு மூன்று நாளுக்குள், இலவசமாக

மூன்று நாட்டுக்கும் மூன்று பெயர். சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்டிஏசி, தாய்லாந்துக்கு டிடிஏசி. இது விசா அல்ல. விசா தனி, இது தனி. மூன்றுமே இலவசம்.

இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். தேடுபொறியில் பெயரைப் போட்டால் முதலில் வருவது விளம்பரத் தளங்கள். கொடி, முத்திரை, படிவம் எல்லாம் அரசுத் தளம் போலவே இருக்கும். கடைசிப் பக்கத்தில் கார்டு எண் கேட்கும். கார்டு எண் கேட்ட அந்த நொடியே மூடிவிடுங்கள். முகவரியின் வால் பகுதியைப் பார்த்தால் தெரிந்துவிடும்: சிங்கப்பூர் அரசுத் தளம் 'டாட் ஜிஓவி டாட் எஸ்ஜி' என்று முடியும், மலேசியா 'டாட் ஜிஓவி டாட் எம்ஒய்'. தாய்லாந்தில் ஜிஓவி இல்லை, 'டாட் ஜிஓ டாட் டிஎச்'. முகவரியில் நாட்டின் பெயரும் விசா என்ற சொல்லும் இருந்து, வால் 'டாட் காம்' என்றால் அது அரசுத் தளம் இல்லை. பணம் போவது ஒரு பக்கம், பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் முன்பின் தெரியாதவர் கைக்குப் போவது இன்னும் பெரிய இழப்பு.

அப்புறம் தேதிக் கணக்கு. சிங்கப்பூர் விதியில் இறங்கும் நாளும் மூன்று நாள் கணக்கில் சேரும். 15ஆம் தேதி இறங்கினால் 13ஆம் தேதியிலிருந்து நிரப்பலாம். மற்ற இரு நாடுகளும் மூன்று நாள் என்றுதான் சொல்கின்றன. குழப்பமே வேண்டாம், இறங்கும் தேதிக்கு இரண்டு நாள் முன்பு உட்கார்ந்து நிரப்புங்கள், மூன்று நாட்டுக்கும் பொருந்தும். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகிற விமானங்கள் நிறைய. இரவு 11 மணிக்கு ஏறினால் நீங்கள் இறங்குவது மறுநாள். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், தாய்லாந்து ஒன்றரை மணி நேரம். படிவத்தில் போட வேண்டியது அங்கே இறங்கும் தேதி.

நிரப்ப உட்காரும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை: எல்லோருடைய பாஸ்போர்ட்டும், போகும் விமான எண், திரும்பும் தேதி, தங்கும் இடத்தின் முழு முகவரி அஞ்சல் எண்ணோடு. இந்த அஞ்சல் எண்ணில்தான் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். மலேசியாவில் அது ஐந்து இலக்கம், சிங்கப்பூரில் ஆறு. மலேசியப் படிவத்தில் முதலில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் ஊர்ப் பட்டியல் திறக்கும். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் முழு முகவரியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொருவருக்கும் தனி அட்டை வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. நிரப்பி முடித்ததும் மின்னஞ்சலில் உறுதி வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு பிரிண்டும் எடுத்துவிடுங்கள். சென்னையில் செக்-இன் கவுன்டரிலேயே இதைக் கேட்கிறார்கள். பெரியவர்களின் போன் அந்த நேரம் பார்த்துச் சார்ஜ் இல்லாமல் கிடக்கும். சிங்கப்பூர் 2026 ஜனவரி 30 முதல் இன்னும் கடுமையாகிவிட்டது: நுழையத் தகுதி இல்லாதவரை ஏற்றாதே என்று விமான நிறுவனத்துக்கே முன்கூட்டி உத்தரவு போய்விடும். முன்பு அங்கே போய் மாட்டிக்கொண்டது இப்போது நம்மூர் விமான நிலையத்திலேயே நடக்கும்.

விமானம் மாறுவதற்கு மட்டும் கோலாலம்பூரிலோ பாங்காக்கிலோ இறங்கி, இமிகிரேஷனைத் தாண்டாமல் அடுத்த விமானம் ஏறினால் அட்டை தேவையில்லை. ஆனால் இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து, பெட்டியை வெளியே போய் வாங்கித் திரும்பப் போட வேண்டியிருந்தால் நீங்கள் உள்ளே நுழைந்த கணக்குதான்.

 

5. சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜோகூருக்குத் தாண்டும்போது

பஸ்ஸில் போகிறவர்கள் இரண்டு இடத்தில் இறங்க வேண்டும். உட்லண்ட்ஸில் சிங்கப்பூரிலிருந்து வெளியேற ஒன்று, பாலம் தாண்டி ஜோகூர் பாருவில் மலேசியாவுக்குள் நுழைய ஒன்று. பெட்டியையும் பஸ் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டே இறங்குங்கள், வந்த பஸ் காத்திருக்காமல் போய்விட்டால் அடுத்ததில் ஏறலாம். மலேசிய அட்டை இங்கேயும் வேண்டும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் புதிதாக வேண்டும். திரும்ப சிங்கப்பூருக்குள் வரும்போது சிங்கப்பூர் அட்டையும் அப்படியே. வெள்ளி மாலை, ஞாயிறு மாலை இரண்டையும் தவிருங்கள். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து புக்கிட் சாகாருக்கு நான்கு கிலோமீட்டரில் ஒரு ரயில் பாதை போடுகிறார்கள். அது ஓடத் தொடங்கினால் இரண்டு நாட்டு இமிகிரேஷனையும் ஏறும் இடத்திலேயே முடித்துவிடலாம்.

6. போன், பணம்

எல்லாமே போனில் என்றான பிறகு, இறங்கியதும் இணையம் இல்லையென்றால் கை ஒடிந்த மாதிரி. போனில் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்திப் பாருங்கள். 'ஈஐடி' என்று ஓர் எண் வந்தால் உங்கள் போன் இ-சிம் ஏற்கும், அதாவது அட்டை செருகாமலே இணையம் வழியாகப் பதியும் சிம். வீட்டு வைஃபையிலேயே இ-சிம்மைப் போட்டுவிட்டு, அங்கே இறங்கியதும் இயக்குங்கள். இந்திய சிம்மை எடுத்துவிடாதீர்கள், வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள்.

யுபிஐ சிங்கப்பூரில் சில கடைகளில் நடக்கிறது. கிளம்பும் முன் செயலியில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை இயக்க வேண்டும். அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம், கொஞ்சம் உள்ளூர்ப் பணம் கையில் இருக்கட்டும். கார்டு மெஷின் ரூபாயிலா உள்ளூர்ப் பணத்திலா என்று கேட்டால் உள்ளூர்ப் பணம் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விலைதான்.

7. நம்மூர் விமான நிலையத்தில் வரிசையைக் குறைக்க

முகத்தைக் காட்டி விமான நிலையத்துக்குள் போக உதவும் டிஜியாத்ரா செயலி வைத்திருக்கிறோமே என்று இருக்காதீர்கள், அது உள்நாட்டுப் பயணத்துக்காக வந்தது. வெளிநாடு போகிறவர்களுக்கு இந்திய அரசின் விரைவு இமிகிரேஷன் திட்டம் ஒன்று இருக்கிறது, எஃப்டிஐ-டிடிபி என்று பெயர். டெல்லியில் 2024 ஜூனில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும் செப்டம்பரில் திருச்சிக்கும் வந்துவிட்டது. கட்டணம் இல்லை. உள்துறை அமைச்சகத் தளத்தில் விண்ணப்பித்து, அழைப்பு வந்ததும் விமான நிலையத்தில் கைரேகையும் முகமும் பதிய வேண்டும். ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டு வரை, அதற்கு முன்பே பாஸ்போர்ட் முடிந்தால் அதுவரை செல்லும். ஆண்டுக்கு ஒரு தடவை போகிறவர்கள்கூடப் பதியலாம் என்பேன், திரும்பி வரும் விடியற்காலையில் அந்த நீண்ட வரிசையைத் தாண்டி நடப்பது பெரிய நிம்மதி. ஒரு மாதமாவது முன்னால் விண்ணப்பியுங்கள்.

8. அங்கே இறங்கிய பிறகு

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வெளிநாட்டவர்களும் தானியங்கி வாயிலில் போகலாம். பாஸ்போர்ட்டைப் படிக்க வைத்து, கண்ணாடி, தொப்பியைக் கழற்றிவிட்டு நேராகப் பார்த்தால் போதும். சின்னக் குழந்தையோடு இருந்தால் ஆள் இருக்கும் கவுன்டருக்குப் போய்விடுங்கள், பிரிந்து நின்று ஒருவரையொருவர் தேட வேண்டாம். பெட்டியில் அம்மா அரைத்துக் கொடுத்த மசாலா இருந்தால் அதில் கசகசா சேர்த்திருக்கிறார்களா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள்.

சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில்தான் வரும். விசா இரண்டு ஆண்டுக்குச் செல்லும் என்று இருந்தாலும், இந்த முறை தங்க எத்தனை நாள் கொடுத்தார்கள் என்பது வேறு கணக்கு. அன்று இரவு ஹோட்டலுக்குப் போனதும் அந்த மின்னஞ்சலைத் திறந்து, கடைசித் தேதி உங்கள் திரும்பும் டிக்கெட்டுக்குப் பிறகுதான் இருக்கிறதா என்று குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். மலேசியாவிலும் தாய்லாந்திலும் முத்திரை போட்டால், கவுன்டரை விட்டு நகரும் முன்பே தேதியைப் படித்துவிடுங்கள். பிழை இருந்தால் அப்போதே அதே அதிகாரியிடம் காட்டிச் சொல்லுங்கள், வெளியே வந்த பிறகு திருத்த ஒரு நாள் அலைய வேண்டியிருக்கும்.